அ.சா.3 பார்த்தது என்ன?

நான் வக்கீல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் உட்கார்ந்து தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பவள். பத்திரம், பட்டா, உயில், வில்லங்கச் சான்று இவைதான் பெரும்பாலும் வரும், பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 2004-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்ததற்கு அப்புறம் கோர்ட் கட்டுகளும் வர ஆரம்பித்தன. கீழ்க் கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகும், மேலே வாதம் ஆங்கிலத்தில் நடக்கும், இரண்டுக்கும் நடுவில் என்னைப் போல நாலைந்து பேர் பிழைப்பு நடத்துகிறோம்.

2018-ல் ஒரு சீனியர் வக்கீல் ஒரு கட்டைக் கொடுத்தனுப்பினார். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம், வரப்புத் தகராறு, பங்காளியை அரிவாளால் வெட்டிக் கொன்றதாக ஒருவருக்கு 2015-ல் ஆயுள் தண்டனை. ஊர் பேரும் ஆள் பேரும் இங்கே வராது, செத்தவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "பெஞ்ச்ல ஒரு ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாதும்மா, சாட்சியத்த மட்டும் இங்கிலீஷ் பண்ணிக் குடு" என்றார். என் வேலை அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு கிரிமினல் கட்டைப் படித்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சிலது சொல்லவேண்டும். அ.சா.1, அ.சா.2 என்றால் அரசுத் தரப்புச் சாட்சிகள். அ.சா.ஆ. என்றால் அரசுத் தரப்புச் சான்றாவணம், சா.பொ. என்றால் அரிவாள், ரத்தக்கறை படிந்த வேட்டி மாதிரியான சான்றுப் பொருள்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் கோர்ட் தமிழில் பேர் 'எதிரி'. விசாரணை தொடங்கும் முன்பே எதிரிதான். யாருக்கு எதிரி என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன், ஆனாலும் கை தன் பாட்டுக்கு டைப் பண்ணிக்கொண்டு போகும்.

இன்னொன்று முக்கியம். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்ட கேள்வி பொதுவாகப் பதிவாகாது, பதில் மட்டும் சாட்சியே தானாகச் சொன்ன மாதிரி வாக்கியமாகப் பதிவாகும். வக்கீல் ஒன்றைச் சொல்லி சாட்சி அதை மறுத்தால், "...என்று சொன்னால் சரியல்ல" என்று முடியும். பாதிக் குறுக்கு விசாரணை இந்தச் 'சரியல்ல'வாகவே இருக்கும், படிப்பவருக்குக் கண் சொக்கும். விஷயம் ஒளிந்திருப்பதும் அந்த இடத்தில்தான்.

இந்த வழக்கில் வெட்டியதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. 2012 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இரவு, இருவரையும் கடைசியாக ஒன்றாகப் பார்த்தேன் என்று சொன்ன அ.சா.3 தான் வழக்கின் முதுகெலும்பு. முதல் விசாரணையில், அதாவது அரசு வக்கீல் கேட்டபோது, அவர் சொன்னது: "இரவு சுமார் 9.30 மணிக்கு வேப்பமரத்தடியில் எதிரியும் இறந்துபோனவரும் பேசிக்கொண்டு நின்றதைத் தெருவிளக்கு வெளிச்சத்திலும் நிலா வெளிச்சத்திலும் பார்த்தேன்." குறுக்கு விசாரணையில், நாலு 'சரியல்ல'வுக்கு நடுவே, இது: "எனக்கு முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. எதிரி மாதிரி இருந்தது. நான் கூப்பிடவில்லை."

மாதிரி இருந்தது. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பார்ப்பதற்காகத்தான் கீழ்க் கோர்ட்டின் ஆங்கிலத் தீர்ப்பைப் புரட்டினேன். அங்கே அ.சா.3 எதிரியை 'கேட்டகாரிக்கலாக', அதாவது திட்டவட்டமாக, அடையாளம் காட்டினார் என்று எழுதியிருந்தது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தடவை படித்தேன். பொய் என்று சொல்லமாட்டேன். முதல் விசாரணையை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால் அப்படித்தான் வரும்.

சீனியருக்கு உடனே போன் போட்டேன், ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. அவர் சிரித்தார். "ஒரு 'மாதிரி'ய வச்சு ஆயுள் தண்டனைய உடைக்க முடியாதும்மா. ஆனா நீ படிக்கிற ஆளா இருக்க. கட்டு முழுசும் படி, ஒரு நோட்டு போட்டுப் படி." அவர் சொன்ன முறையைத்தான் இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்கிறேன். ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு தேதி எழுதவேண்டும். ஒன்று, காகிதத்தில் எழுதியிருக்கும் தேதி. மற்றது, அது கோர்ட்டுக்கு வந்து சேர்ந்த தேதி, அதாவது மாஜிஸ்திரேட்டின் சுருக்கொப்பமும் கோர்ட் முத்திரையும் சொல்லும் தேதி. முதல் தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இரண்டாவதை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுத முடியாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி.

முதலில் எஃப்.ஐ.ஆர். காலை 7.30-க்குப் பதிவானதாக இருந்தது. கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆர். உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும், எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்பார்கள், ஒரு கான்ஸ்டபிள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஸ்டேஷனிலிருந்து கோர்ட் நாலு கிலோமீட்டர். சுருக்கொப்பத்தின் பக்கத்தில் பச்சை மையில் மாலை 4.40 என்று இருந்தது. இதை மட்டும் வைத்து ஒன்றும் ஆகாது, தாமதத்துக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், சிலது உண்மையாகவும் இருக்கும். நோட்டில் எழுதிவைத்தேன்.

அடுத்து, சாட்சிகளைப் போலீஸ் விசாரித்து எழுதும் வாக்குமூலங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவில் வருபவை. அ.சா.3-இன் வாக்குமூலத்தில் தேதி, உடல் கிடைத்த அன்றைக்கே. கோர்ட்டுக்கு வந்தது குற்றப்பத்திரிகையோடு சேர்த்து, 88-ஆவது நாள். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும், அதனால் 88 என்பது அதிசயம் இல்லை. ஆனால் முதல் நாளே இவ்வளவு பெரிய சாட்சி கிடைத்திருந்தால் அந்தக் காகிதம் எண்பத்தெட்டு நாள் எங்கே இருந்தது?

அப்புறம் வந்தது பிரேத விசாரணை அறிக்கை. சடலத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது, 174 என்று சொல்வார்களே, அது. (2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது, இப்போது அது புதிய சட்டத்தில் 194. பழைய வழக்குக்குப் பழைய எண்.) அச்சடித்த படிவம், கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு கட்டம், இறந்தவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எப்போது என்பது. அந்தக் கட்டத்தில் 'மனைவி, இரவு 7 மணி, வீட்டில்' என்று எழுதியிருந்தது. அ.சா.3 பேரே இல்லை. அன்று காலையே சம்பவ இடத்தில் போலீசாரிடம் சொல்லிவிட்டதாகச் சாட்சியத்தில் சொன்ன அதே அ.சா.3.

இதற்கே சீனியர் சந்தோஷப்பட்டிருப்பார். அதற்கு மேல் ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, சிறையில் இருந்தவரின் அக்கா. கூலி வேலை செய்கிறவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார். அறிக்கையின் கடைசியில் பஞ்சாயத்தார், அதாவது பிரேத விசாரணைக்குச் சாட்சியாகப் போலீஸ் உட்காரவைத்த ஊர்க்காரர், ஐந்து பேர் கையெழுத்து இருந்தது. நான் பேர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், நாலாவது பேரில் அவர் நிறுத்தினார்.

"அது அவந்தான் தாயி."

"எவன்?"

"சாட்சி சொன்னவன். ஊருக்குள்ள அவன அப்பிடித்தான் கூப்புடுவோம். கோர்ட்ல ரேசன் கார்டுப் பேரச் சொல்லியிருக்கான்."

சாட்சியத்தின் தலைப்பில் பேர், தகப்பனார் பேர், வயது, தொழில் எல்லாம் இருக்கும். எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் தகப்பனார் பேர் ஒன்றே, தெரு ஒன்றே, வயது ஒன்றே. அதாவது, இறந்தவரைக் கடைசியாகப் பார்த்தது மனைவிதான் என்று எழுதியிருந்த காகிதத்தில், முந்தின இரவு தானே பார்த்ததாகப் பின்னால் சொன்ன மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாரணைக் கோர்ட்டில் இரண்டு தரப்பு வக்கீலும் நீதிபதியும் இதைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது இரண்டு பேர். ஊர்க்காரிக்கு ஒரே ஆள். அன்றிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும், ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்துப் பேர்களை வாய்விட்டுப் படிப்பதை ஒரு வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் காகிதம் முழுசாக வேண்டும். அக்கா முதலில் கொண்டுவந்தது தீர்ப்பு நகலும் நாலைந்து ஜெராக்ஸும்தான். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கிடைக்கும், மற்றதுக்கெல்லாம் நகல் மனு போடவேண்டும். சான்றாவணமாகக் குறியீடு செய்யாத காகிதங்களையும் விடாமல் கேட்கவேண்டும். வழக்குக்காக இரண்டு மாட்டை விற்றதாகச் சொன்னார். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் வைக்க 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 15100-க்குப் போன் பண்ணினாலே வழி சொல்வார்கள், செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு வந்து 60 நாளுக்குள் அப்பீல் போடவேண்டும் என்பதையும், தாண்டிவிட்டால் காரணம் சொல்லி மனு போடலாம் என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மாடு போனதுதான் மிச்சம்.

அரிவாள் விஷயம் சுருக்கமாக. கைதானவர் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் அதனால் ஒரு பொருளோ தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் துண்டு மட்டும் செல்லும், பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. எல்லாக் கட்டிலும் ஒரே வாசகம்தான்: "என்னை அழைத்துச் சென்றால் எடுத்து ஆஜர் செய்கிறேன்." பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்து. இதன் எல்லையை 1946-லேயே, இந்திய வழக்குகளுக்கு அப்போது கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைந்துவிட்டது, அப்போதைய சென்னை மாகாணத்துப் பல்நாட்டிலிருந்து போன வழக்கு அது. ஒருவன் வீட்டுக் கூரையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தால், அங்கே கத்தி இருப்பது அவனுக்குத் தெரியும் என்பதுதான் கண்டுபிடிப்பு, அதனால் குத்தினான் என்பது கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் வழக்கில் கூரை கூட இல்லை. கண்மாய்க் கரைக் கருவேலம் புதர், ஆடு மேய்க்கிறவர் எல்லாரும் போகிற இடம். கறை மனித ரத்தம் என்று அறிக்கை, எந்த குரூப் என்று கண்டறிய முடியவில்லை.

நிலாவுக்கு வருகிறேன், ஏனென்றால் என் பெருமையும் என் அசட்டுத்தனமும் அதில்தான். 'நிலா வெளிச்சத்திலும்' என்பதை நான் இரண்டு தடவை மொழிபெயர்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே, "நாளைக்கு அமாவாசை, அசைவம் வாங்கிறாத" என்றார். அடுப்படியில் அப்படியே நின்றேன். தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தானே வரும்! 2012-ல் நவம்பர் 13 செவ்வாய்க்கிழமை தீபாவளி. சம்பவம் 11-ஆம் தேதி இரவு. அன்றைக்கு நிலா விடியப்போகும் நேரத்தில்தான் கீற்றாக எட்டிப்பார்த்திருக்கும், ராத்திரி ஒன்பதரைக்கு வானத்தில் அது கிடையாது. சட்டப் படிப்பு வேண்டாம், தீபாவளி கொண்டாடியிருந்தால் போதும்.

அப்புறம் தெருவிளக்கு. 2012-இன் கடைசி மாதங்கள் தமிழ்நாட்டில் எப்படி இருந்தன என்று யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் கரண்ட் இருக்காது. வழக்கமாகக் கொலை வழக்கில் வெளிச்சத்தை நிரூபிக்க மின்வாரிய ஊழியர் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள், இதில் கூப்பிடவில்லை. போலீஸ் போட்ட சம்பவ இட வரைபடத்தில் வேப்பமரம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, விளக்குக் கம்பம் இல்லை. துணை மின்நிலையத்தின் அந்த நாள் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பாதுகாப்புக் காலம் முடிந்து அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ஆறு வருஷம் கழித்துப் போனால் அப்படித்தான். இந்த மாதிரிப் பதிவேடுகள், போன் விவரங்கள், கேமரா பதிவுகள் எல்லாம் முதல் சில வாரங்களிலேயே எழுத்தில் கேட்கவேண்டியவை.

பதிவேடு இல்லை என்றதும் எனக்குள் ஒரு துப்பறியும் நிபுணி முளைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். வேப்பமரம் இருந்தது, கம்பமும் இருந்தது, புதுக் கம்பம், எப்போது நட்டார்கள் என்று ஆளுக்கு ஒரு வருஷம் சொன்னார்கள். இருட்டும்வரை இருந்து, டீக்கடைப் பாதையில் நின்று மரத்தடியில் நிற்கும் ஆளின் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். இதுவரைக்கும் தப்பில்லை. அதோடு திரும்பியிருக்க வேண்டும். டீக்கடையில் அ.சா.3 உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "அன்னைக்கு நிசமாவே பாத்தீங்களாண்ணே?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

சீனியர் அன்றைக்குத் திட்டிய திட்டு என் அப்பா கூடத் திட்டியதில்லை. "நீ பேசினதுக்கு அப்புறம் அவன் மாத்திச் சொன்னா, நீ கலைச்சுட்டன்னு அரசுத் தரப்புல சொல்லுவாங்க. மாத்தாம சொன்னா, நீ மிரட்டியும் அவன் மாத்தலன்னு சொல்லுவாங்க. எப்படி வந்தாலும் நமக்குத்தான் நஷ்டம்." நல்லவேளையாக விஷயம் பெரிதாகவில்லை. சாட்சியைத் தேடி வழக்கோடு சம்பந்தப்பட்டவர்கள் தனியாகப் போகவே கூடாது. இடத்தைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக் கூடாது.

அப்பீல் விசாரணைக்கு நானும் போயிருந்தேன், நடைபாதையில் பெஞ்சில் அக்கா ஒரு ஓரம், செத்தவரின் மனைவி மறு ஓரம். ஒரே ஊர், ஒரே பஸ்ஸில் வந்திருப்பார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது அந்த அம்மா என்னிடம் கேட்டார். "நீங்க அவுக வக்கீலாம்மா? அவன் வெட்டலைன்னா, அப்ப யாரு வெட்டுனா?" என்னிடம் பதில் இல்லை. அதுவரை என் நோட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கவில்லை. ஒருவர் மேல் தப்பாக வழக்கைக் கட்டினால் இன்னொரு வீட்டுக்கும் நியாயம் கிடைக்காமல் போகிறது என்பது அந்தக் குழாயடியில்தான் எனக்கு உறைத்தது.

உள்ளே, நான் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த நிலா அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சீனியர் சொன்னார், நீதிபதி தலையாட்டினார், அவ்வளவுதான். பஞ்சாயத்தார் கையெழுத்தில்தான் நின்றார்கள். அரசு வக்கீலிடம் இருவரும் ஒரே ஆளா என்று கேட்டார்கள், அவர் கட்டைப் புரட்டினார், புரட்டினார், கடைசியில் "அப்படித்தான் தெரிகிறது" என்றார். 88 நாளைப் பற்றி ஒரு கேள்வி. நேரில் பார்த்தவர் இல்லாத வழக்குகளில் வரும் சந்தர்ப்ப சாட்சியத்துக்கு 1984-இல் உச்ச நீதிமன்றம் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் வகுத்த ஐந்து நிபந்தனைகளைச் சீனியர் படித்தார். அதன் அடிப்படையே 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே ஆகவேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம்தான். மொழிபெயர்ப்பவளுக்கு இதைவிட நன்றாகப் புரியும் சட்டம் எதுவும் இல்லை.

2019-ல் விடுதலை. உள்ளே இருந்தது மொத்தம் நாலரை வருஷத்துக்குப் பக்கம். அதே வருஷம் மார்ச்சில்தான் மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் ஆறு பேரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பத்து வருஷம் முன்னால் அதே நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தவர்கள் அவர்கள், பதினாறு வருஷம் சிறை. அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆளுக்கு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் 277-ஆவது அறிக்கையில் சொன்னது, அறிக்கையாகவே இருக்கிறது.

அவர் வெட்டினாரா இல்லையா என்று என்னை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கட்டைப் படிக்கும்போது நிரபராதி என்று முடிவு கட்டிக்கொண்டு படித்த நாட்களில்தான் நான் அதிகம் தவறவிட்டேன், அவருக்கு எதிரான காகிதங்களை வேகமாகப் புரட்டினேன். சீனியர் பிடித்து உட்காரவைத்து அதையும் படிக்கச் சொன்னார்.

விடுதலையாகி இரண்டு மாதம் கழித்து அக்காவும் தம்பியும் வீட்டுக்கு வந்தார்கள். அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, நினைத்ததைவிடக் குள்ளம். கையில் 38 பக்க ஆங்கிலத் தீர்ப்பு. ஊரில் எல்லாரும் சந்தேகத்தில் தப்பியவன் என்கிறார்கள், தமிழில் இருந்தால் காட்டலாம் என்றார். காசு வாங்காமல் செய்துகொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, "நான் செய்யலைன்னு எதுல மேடம் எழுதியிருக்கு?" என்றார். அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறோம், அவ்வளவுதான் இருந்தது. தீர்ப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"சரி மேடம். இந்த எதிரிங்கிறத மட்டுமாவது எடுக்க முடியுமா?"

ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான இடத்தில் அப்பெல்லன்ட், அதாவது மேல்முறையீட்டாளர், என்றுதான் இருந்தது. பழக்க தோஷத்தில் நான்தான் எல்லா இடத்திலும் எதிரி என்று அடித்துத் தள்ளியிருந்தேன். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, அம்மா காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் உட்கார்ந்து மாற்றினேன். அறுபத்தோரு இடம்.